உப்புப் பார்த்த படையல்

18 மே 1952, ஞாயிறு

கம்பி வேலிக்குள் எங்களைக் கொண்டுவந்து குடிவைத்த பிறகு தோட்டத்தில் எல்லோருக்கும் பேச்சு குறைந்துவிட்டது. எனக்கு இன்னும் குறைந்துவிட்டது. கேட்டில் பெண்களைத் தடவிப் பார்க்கிற வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள், அதனால்தான். பேச ஆளில்லாதவள் எழுதியாவது தீர்க்கட்டும் என்று இதை ஆரம்பிக்கிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்ததற்கு இதாவது மிஞ்சட்டும்.

விடியற்காலையில் பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு முடிந்ததும், ரப்பர் மரம் சீவப் போகிற பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சாக்குத் திரைக்குப் பின்னால் வருவார்கள். நான் கொண்டையிலிருந்து கால் வரை தடவிப் பார்க்க வேண்டும். பால் வாளியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டும். அரிசி, உப்பு, கருவாடு, மாத்திரை எதுவும் வேலியைத் தாண்டக் கூடாது. வெள்ளைக்காரனைச் சுட்டு விரட்டுவோம் என்று துப்பாக்கியோடு காட்டுக்குள் போனவர்களைப் பட்டினி போட்டு வெளியே இழுப்பது சர்க்காரின் யோசனை. அவர்கள் பட்டினியோ இல்லையோ, எங்கள் பெண்கள் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு மரம் சீவுகிறார்கள்.

என் கழுத்தில் ஒரு விசில் தொங்குகிறது. எதையாவது கண்டால் ஊத வேண்டும். ஊதினால் காவல் கூண்டில் நிற்கிற மலாய் போலீஸ்காரர் ஆபத்துச் சங்கை முடுக்குவார். கேட்டை மூடுவார்கள். அந்தச் சத்தம் மலையடிவாரம் வரைக்கும் கேட்குமாம். இதுவரை நான் ஊதியதில்லை. கண்டதேயில்லையா என்று கேட்டால், ஒருத்தி பிள்ளைக்கென்று மடியில் முடிந்திருந்த ஒரு பிடி அவலைக் கண்டேன். திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு வா என்று அனுப்பினேன்.

"பூங்காவனம், உன் கை ஐசு மாதிரி இருக்குடி, அடுப்புல காட்டிட்டு வரக் கூடாதா?" என்று அரியம்மா தினமும் கேட்கிறாள். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, வெளியே போனதும் என்னைப் பற்றி வேறு மாதிரி பேசுவார்கள். எனக்குத் தெரியாததா.

தனக்கோடி அண்ணி மட்டும் எதுவும் பேசாமல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பாள். என் அண்ணன் செங்கோடனின் மனைவி. லயத்து வரிசையில் அடுத்த வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் தும்மினால் நான் நூறாயுசு சொல்லுவேன், நான் இருமினால் அவள் கேட்பாள். என் அண்ணியை நான் என்ன தடவுவது. தோளைத் தொட்டு அனுப்பிவிடுவேன்.

23 மே, வெள்ளி. அமாவாசை

புதிதாக ஒரு துப்பறியும் சார்ஜன் வந்திருக்கிறார். பெயர் தேவசகாயம். வேதக்காரர். பட்டணத்துத் தமிழ், மெதுவான பேச்சு. மெதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம். சத்தம் போடுகிற துரையாவது சத்தம் போட்டதோடு முடிந்துவிடுவார்.

அண்ணி படையல் பொட்டலத்தோடு வந்தபோது அவர் பக்கத்தில் நின்றிருந்தார். வாழையிலைப் பொட்டலத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"சோறு வெளியே போவுதே, என்னம்மா இது?" என்று என்னைக் கேட்டார்.

"படையல்யா. எங்க அண்ணனுக்கு. சயாம் ரயில் போடப் போயி செத்தவரு. அமாவாசைக்கு அமாவாசை முனி கோயில்ல வெப்பாங்க. பழைய சார்ஜன் உத்தரவு குடுத்திருக்காரு."

"வீட்டுலயே வெக்கக் கூடாதா?"

"காட்டுல செத்தவருக்குக் காட்டோரமாத்தான் வெக்கணும்னு அண்ணி வேண்டிக்கிட்டிருக்கு. வாயில வெச்சிப் பாக்காம, எச்சில் படாம ஆக்கின சோறுய்யா. காக்கா திங்கும். மனுசன் தொட மாட்டான்."

"நீங்க பொறுப்பு?"

"நான் பொறுப்புய்யா."

அவர் பொட்டலத்தை இரண்டு கையாலும் அண்ணியிடம் திருப்பிக் கொடுத்தார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

இதைப் படிக்க யாரும் வரப்போவதில்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன். ஜப்பான்காரன் லாரியில் ஏற்றியபோது என் வீட்டுக்காரர் கன்னியப்பனும் என் அண்ணனும் ஒரே பலகையில் உட்கார்ந்து போனார்கள். சண்டை முடிந்து திரும்பியவர்களில் ஒருவர், என் வீட்டுக்காரரைத் தன் கையாலேயே மூங்கிலை அடுக்கி எரித்ததாகச் சொன்னார். மூங்கில் வெடித்த சத்தத்தைக்கூடச் சொன்னார். அன்றைக்கே எனக்குப் பூவும் பொட்டும் போயிற்று. அண்ணன் செத்ததைப் பார்த்தவர் யாருமில்லை. அண்ணி தாலியைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள். வருசக் கணக்காகப் படையலும் வைக்கவில்லை, வருவார் வருவார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போன வருசம் ஒருநாள் தானாக வந்து, "செத்துட்டாருன்னே வெச்சிக்கலாம் பூவு, அமாவாசைக்குச் சோறாவது வெப்போம்" என்றாள். தாலியைக் கழற்றுவதைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கக் கூடாது என்றாள்.

உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்குத் துக்கத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. இனி நாங்கள் இரண்டு பேரும் ஒன்று என்று நினைத்தேன்.

2 ஜூன்

மழை. அரிசிப் பங்கீட்டை இன்னும் குறைத்துவிட்டார்கள். கடையில் சார்டின் டப்பா வாங்கினால் கடைக்காரரே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுக்கிறார், மறைத்து வைக்க முடியாதாம்.

9 ஜூன், திங்கள்

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சீனப் பெண்ணின் மார்க்கச்சில் அரிசி இருந்ததாம். தடவிப் பார்க்கிறவள் விட்டுவிட்டாளாம். இரண்டு பேரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தேவசகாயம் இதை என்னிடம் ஊர்ச் செய்தி சொல்வது போலச் சொன்னார். கடைசியில், "உங்களுக்கு இந்தியாவுல சொந்தம் இருக்காம்மா?" என்று கேட்டார்.

யாருமில்லை. நான் இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அண்ணி ஐந்து வயதில் கப்பலில் வந்தவள். சேலத்துப் பக்கம் ஏதோ ஊர், பெயர்கூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. சோறு கொடுத்து மாட்டிக்கொண்டவர்களை அப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான் நாடு கடத்துகிறார்கள்.

இன்று பூராவும் ஒவ்வொருத்தியையும் இரண்டு தடவை தடவினேன். அரியம்மா கோபித்துக்கொண்டாள்.

22 ஜூன், ஞாயிறு. அமாவாசை

காலையில் என் வீட்டுக்காரருக்குப் படைத்துவிட்டுக் கூரைமேல் காக்கைக்கு வைத்தேன். பிறகு அண்ணிக்குக் கூடமாட ஒத்தாசை செய்யலாம் என்று போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. அண்ணி அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள். ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கிளறினாள். மறுபடியும் நக்கிப் பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டாள்.

பிறகு அந்தக் குழம்பையே இலையில் இருந்த சோற்றின்மேல் ஊற்றினாள்.

நான் செருமினேன். அண்ணி திடுக்கிட்டுத் திரும்பினாள். கை மறதியாகச் செய்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்று ஞாயிறு என்பதால் கேட்டில் கூட்டமில்லை. பொட்டலத்தை நானே வாங்கித் திறந்து காட்டிவிட்டு, அண்ணியின் தோளைத் தொட்டு அனுப்பினேன்.

23 ஜூன்

கை மறதிதான்.

25 ஜூன், புதன்

இத்தனை வருசமாக என் வீட்டுக்காரருக்குப் படைக்கிறேன். ஒருநாளும் உப்புப் பார்த்ததில்லை. உப்பு குறைந்தாலும் கூடினாலும் அவர் வந்து கேட்கப் போவதில்லை. இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். அண்ணி என்னைவிட ஆசாரம் பார்க்கிறவள், மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறபோது ஆவிகூட மூக்கில் ஏறக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள்.

செத்தவருக்கு யாரும் உப்புப் பார்ப்பதில்லை. இதற்குமேல் எழுத மாட்டேன்.

1 ஜூலை

அண்ணி தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சல் என்று சொல்லிக் கொயினா மாத்திரை வாங்கி வந்தாள். நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். என் நெற்றியைவிடக் குளுமையாக இருந்தது. துணி துவைக்கும்போது ஏதோ முனகிப் பாடிக்கொண்டிருந்தாள். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எரிச்சலாக வந்தது.

6 ஜூலை, ஞாயிறு

குழாயடியில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. நான் வாளியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அண்ணி, அண்ணனுக்கு உப்பு போதுமாமா?"

அண்ணி பிழிந்துகொண்டிருந்த புடவையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எப்பத்துலேருந்து தெரியும்?" என்றாள்.

"போன அமாவாசை. நீ நக்கிப் பாத்தியே."

அவள் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகு குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்கு அடியில் சொன்னாள். சயாமிலிருந்து தப்பி ஓடியவரைக் காட்டில் இருந்த சீனர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து ஜப்பான்காரனைச் சுட்டிருக்கிறார். ஜப்பான்காரன் போன பிறகு வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். அவர்கள் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை, இவரும் வைக்கவில்லை. போன வருசம் முனி கோயிலுக்குப் பின்னாலிருந்து வந்து அண்ணியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.

"பேயின்னு நெனச்சி மயக்கம் போட்டுட்டேன் பூவு. எளைச்சிப் போயி, தாடியும் அதுவுமா. குரல வெச்சித்தான் கண்டுபுடிச்சேன். இப்பவும் குளிர் காய்ச்சல் விட மாட்டேங்குது. வெளிய வந்தா தூக்குல போட்ருவான்."

"ஒரு வருசமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. உங்கிட்டகூட."

என் அண்ணன் உயிரோடு இருக்கிறான். சந்தோசப்பட வேண்டும், பட்டேன். அழுகையும் வந்தது. குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டேன். ஆனால் திரும்பி வரும்போது மனத்தில் ஓடியது அதெல்லாம் இல்லை. இந்த ஒரு வருசமாக ஒவ்வொரு அமாவாசையும் அவள் என் தோளில் சாய்ந்து அழுதாளே, அது என்ன அழுகை என்பதுதான் ஓடியது.

7 ஜூலை

காலையில் கேட்டில் அண்ணியின் தோளோடு என் கை நிற்கவில்லை. இடுப்பில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. தாண்ட விட்டேன்.

12 ஜூலை, சனி

தேவசகாயம் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாலே நல்லதுக்கில்லை.

"ஆடி அமாவாசை பெருசா செய்வீங்க, இல்லம்மா?"

"ஆமாய்யா."

"உங்க அண்ணி வெக்கற படையலக் காக்கா திங்குதுன்னு சொன்னீங்க. போன தடவ சாயந்திரமா நம்ம ஆளு ஒருத்தன் அங்க போயி பாத்தான். எல காலியா மடிச்சி வெச்சிருக்கு. காக்கா எலைய மடிச்சி வெக்குமா?"

"நாயி, நரி ஏதாச்சும் இழுத்திருக்கும்யா" என்றேன். மடித்த இலைக்கு அது பதிலே இல்லை. அவருக்கும் தெரியும்.

"இருக்கும், இருக்கும்" என்றார். "நீங்க பொறுப்புன்னு சொன்னீங்க. அதனாலதான் உங்களக் கேட்டேன்."

அண்ணன் சாப்பிட்ட இலையைத் தன் பக்கமாக மடித்துத்தான் எழுந்திருப்பான். அம்மா கற்றுக்கொடுத்தது. காட்டில் இத்தனை வருசம் துப்பாக்கியோடு திரிந்தும் அது போகவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

மத்தியானம் இரண்டு லாரியில் கூர்க்காப் பட்டாளத்தார் வந்தார்கள். கேட் வழியாக உள்ளே வரவில்லை. ரப்பர் காட்டுக்குள் இறங்கி முனி கோயில் பக்கமாக நடந்து போனார்கள். லாரி காலியாகத் திரும்பிப் போனது. வேலியோரம் துணி உலர்த்திக்கொண்டிருந்த நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

சாயந்திரம் தேவசகாயம் வந்தார். "நாளைக்கு உங்க அண்ணிய நிறுத்த வேணாம். எது வெச்சிருந்தாலும் சரி, தொடாம அனுப்பிடுங்க. மத்த பொம்பளைங்க யாரும் முனி கோயில் பக்கம் போகாம பாத்துக்குங்க" என்றார். அதட்டவில்லை. கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணி போகிற வழியை அவர்கள் திறந்து வைக்கிறார்கள். அண்ணன் சோற்றுக்கு வருவான். புதரில் பட்டாளம் படுத்திருக்கும். அவ்வளவுதான் விசயம்.

ஊரடங்குச் சங்கு ஊதிவிட்டது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி நாளைக்கு வேண்டிய புளியைக் கரைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் யோசித்துப் பார்க்கிறேன். சொன்னால் அண்ணி போக மாட்டாள். அவள் போகாவிட்டாலும் அண்ணன் அமாவாசை என்றால் வருவான், அவனுக்குச் சொல்ல வழியில்லை. காடுவரை கேட்கிற சத்தம் இந்தத் தோட்டத்தில் ஒன்றே ஒன்றுதான். நான் விசில் ஊதினால் சங்கு ஊதும். சங்கு ஊதினால் அண்ணன் வர மாட்டான். விசில் ஊத வேண்டுமானால் என் கையில் ஏதாவது அகப்பட வேண்டும். அண்ணியின் இடுப்பில் மாத்திரை இருக்கும். எனக்குத் தெரியும்.

வேறு வழியில்லை. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் வேறு வழியில்லை. அண்ணி இருமுகிறாள். "தூங்கலியா பூவு?" என்று சுவரில் தட்டிக் கேட்கிறாள். "தலைவலி" என்றேன்.

21 ஜூலை, திங்கள். ஆடி அமாவாசை

ஊதிவிட்டேன்.

அண்ணி சாக்குத் திரைக்குப் பின்னால் வந்து கையைத் தூக்கினாள். இடுப்பு மடிப்பைப் பிரித்தேன். மாத்திரைப் பொட்டலம் இருந்தது. அவள் என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள், வழக்கம்போல விட்டுவிடுவேன் என்று நினைத்து. விசில் சத்தம் கேட்டதும் அந்தச் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது, அடங்கக்கூட அதற்கு நேரமில்லை. சங்கு அலறியது. கேட்டை இழுத்து மூடினார்கள். பெண்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். வாழையிலைப் பொட்டலம் கீழே விழுந்து பிரிந்து, குழம்பு மண்ணில் ஓடியது.

"என்னா பூவு இது" என்றாள் அண்ணி. அவ்வளவுதான் சொன்னாள்.

மத்தியானத்துக்குமேல் பட்டாளத்தார் நனைந்து, காலில் அட்டைக் கடியோடு, வெறுங்கையாகத் திரும்பினார்கள். துப்பாக்கிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அந்த நேரத்தில்தான் அண்ணியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

22 ஜூலை

துரை என்னைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி மொழிபெயர்த்தார்: சொந்தம் என்றும் பார்க்காமல் கடமையைச் செய்தவள், இப்படி நாலு பேர் இருந்தால் இந்தச் சண்டை சீக்கிரம் முடியும்.

தேவசகாயம் கை கொடுக்கவில்லை. வெளியே வந்ததும் கேட்டார்.

"தொடாம அனுப்புங்கன்னு சொன்னேனேம்மா?"

"கை தானா போயிடுச்சிய்யா. பழக்கம்."

"உங்க அண்ணிகிட்ட மட்டும் இத்தன நாளா இல்லாத பழக்கம்."

துரை எல்லோர் முன்னாலும் கை கொடுத்துவிட்ட பிறகு என்னைத் தேவசகாயத்தால் என்ன செய்ய முடியும். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். துரையின் கைகுலுக்கல் என்னைக் காப்பாற்றிவிட்டது, அதை நினைத்தால் சிரிப்பும் அருவருப்பும் சேர்ந்து வருகிறது.

4 ஆகஸ்ட்

அரியம்மா இப்போதெல்லாம் என் கை குளிர்கிறது என்று சொல்வதில்லை. திரைக்குப் பின்னால் வந்து மரம் மாதிரி நிற்கிறாள். குழாயடிக்கு நான் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். நான் வந்த தடத்தில் ஒருத்தி தண்ணீர் தெளித்தாள்.

அவர்களிடம் சொல்ல முடியுமா, என் அண்ணனைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று. சொன்னால் அண்ணிக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து. வாயை மூடிக்கொண்டு கொடுமைக்காரியாகவே இருந்துவிடுகிறேன்.

20 ஆகஸ்ட்

அமாவாசை. படைத்தேன். முனி கோயிலுக்கு இனி யாரையும் விடுவதில்லை. பக்கத்து வீட்டுக்குப் புதுக் குடும்பம் வந்துவிட்டது. அண்ணியின் சட்டி பானையை வெளியே வைத்தார்கள். நான் எடுத்துவந்து வைத்திருக்கிறேன்.

17 செப்டம்பர், புதன்

அண்ணியை இந்தியாவுக்கு நாடு கடத்த உத்தரவாகிவிட்டது என்று கிராணி சொன்னார். அடுத்த மாதம் கப்பல். நெருங்கின சொந்தம் ஒருவர் தடுப்பு முகாமுக்குப் போய்ப் பார்க்கலாமாம். நெருங்கின சொந்தம் என்றால் நான்தான்.

போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

5 அக்டோபர், ஞாயிறு

போய்விட்டு வந்தேன்.

இரண்டு வேலிக்கு நடுவில் ஆள் நடக்கிற அளவு இடம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அண்ணி. முகாம் பெண்களெல்லாம் போட்டிருக்கிற தொளதொள கவுன். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்துவாள், காறித் துப்புவாள் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் முதலில் கேட்டது, "சாப்ட்டியா?" என்றுதான்.

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். காவல்காரி தள்ளி நில் என்றாள்.

"அழாத. எனக்கு அப்பவே புரிஞ்சிடுச்சி" என்றாள் அண்ணி, குரலைத் தாழ்த்தி. "லாரியில ஏத்தும்போது பட்டாளத்தான் காட்டுலேருந்து வந்தத பாத்தேன். ஓகோ, இதுக்குத்தான் ஊதியிருக்கான்னு புரிஞ்சிக்கிட்டேன். உள்ள இருக்கற ஒருத்தி சொன்னா, அவரு சயாம் எல்லைப் பக்கம் போயிட்டாராம். நல்லா இருக்காராம். நீ இல்லன்னா அன்னைக்கே உசுரு போயிருக்கும்."

"உன்ன அனுப்பறாங்களே அண்ணி. அங்க யாரத் தெரியும் உனக்கு?"

"யாரையும் தெரியாது. போயி பாக்கணும். நாகப்பட்டணத்துல எறக்கிவிட்டு ரயில் டிக்கெட் குடுப்பாங்களாம். எந்த ஊருக்குன்னு கேட்டாங்க, சேலம்னு சொன்னேன்." அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தாள். சந்தைக்குப் போகிற வழி கேட்பவள்போல இருந்தது.

நேரம் முடிந்தது என்று காவல்காரி வந்தாள். அண்ணி திரும்பி இரண்டு அடி வைத்தவள், மறுபடி வேலிக்கு வந்தாள். கோபமாகக் கேட்கவில்லை. இத்தனை நாளாக யோசித்து யோசித்து விடை கிடைக்காமல் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன் பூவு. பாம்பு பாம்புன்னு கத்திகிட்டு நீ ஊதியிருந்தாலும் சங்கு ஊதியிருக்குமே. அவரும் வந்திருக்க மாட்டாரு, நானும் வீட்டுல இருந்திருப்பேன். ஏன் பூவு, உனக்கு அப்ப தோணலியா?"

"தோணல அண்ணி. சத்தியமா தோணவே இல்ல" என்றேன்.

"அதானே. பயத்துல எப்படித் தோணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

18 அக்டோபர், சனி

இன்று கப்பல் போயிருக்கும்.

ஆடி அமாவாசையன்று நடந்ததை நான் இதில் முழுதாக எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மாத்திரைப் பொட்டலம் கையில் பட்டதும் விசிலை வாயில் வைத்தேன். உடனே ஊதவில்லை. பாம்பு என்று கத்தலாம் என்று அப்போது தோன்றியது. சாக்குத் திரைக்குக் கீழே புல் அடர்ந்து கிடக்கிறது, போன மழைக்கு நிஜமாகவே ஒன்று வந்தது, யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். மாத்திரையைப் பழையபடி அவள் இடுப்பிலேயே செருகினேன். அண்ணி சிரித்தாளே, அது அதற்காகத்தான். கத்துவதற்கு மூச்சைக்கூட இழுத்துவிட்டேன்.

அப்போது என் இடது கை, வேலைப் பழக்கத்தில், அவள் கொண்டைக்குள் போனது. உள்ளே ஈரத் துணியில் சுற்றி மல்லிகைச் சரம் இருந்தது. வெளியே போனதும் எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ள. அண்ணனுக்கு முன்னால் நிற்கும்போது தலையில் பூ இருக்க வேண்டுமென்று. அவள் கழுத்தில் மஞ்சள் வாசனையும் அடித்தது.

மல்லிகைப்பூ வேலியைத் தாண்டக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அந்தப் பூவை நான் யாரிடமும் காட்டவில்லை, தேவசகாயத்திடம்கூட. அதைத் தொட்ட பிறகுதான் அண்ணியின் இடுப்பிலிருந்து மாத்திரையை மறுபடி உருவி எடுத்தேன். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஊதினேன்.